நடு ஓட்டையில் ஊற்றிய டீசல்

வெள்ளையன் வண்டியின் இன்ஜினைக் கெடுத்தவர் தனசேகர். பழியை வெள்ளையன் தலையில் போட்டவரும் அவர்தான்.

சங்க மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று நம் மெக்கானிக் சங்கத்து இளைஞர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். "ஜாலியா எதனா எழுதுங்கண்ணே, பழைய கதை" என்றார்கள். பழைய கதையும் எழுதுகிறேன். ஆனால் மேலே உள்ள இரண்டு வரியை வெட்டிவிட்டு மீதியைப் போடுவதாக இருந்தால் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளையன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அப்பால் ஊர். கள்ளக்குறிச்சியில் ஒரு முதலாளியின் டீசல் பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து மரவள்ளிக்கிழங்கும் புளியும் இறக்குவார். கீழேயிருந்து உரமும் சிமெண்டும் ஏற்றுவார். போன மழைக்காலத்தில் தனசேகர் பட்டறையில் அந்த வண்டிக்கு டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். அந்த வாரமே வண்டி மலையில் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்து பிரித்தால், டீசல் பம்பும் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களும் கீறல் விழுந்து வீணாகியிருந்தன. பிக்கப் ஸ்டாண்டில் அத்தனை ஓட்டுநர்களும் நிற்கும்போது தனசேகர் முதலாளியிடம் சொன்னார்:

"உங்க டிரைவரு மலைல எதயோ கலந்து ஊத்திக்கினு இருக்காருங்க. மண்ணெண்ணெயோ, தண்ணியோ. அதுக்கு ஃபில்டரு இன்னா பண்ணும்?"

முதலாளி அங்கேயே கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நல்ல டீசலை விற்றுவிட்டுக் கலப்படத்தை ஊற்றுகிறவன் என்று ஒரு ஓட்டுநருக்குப் பெயர் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எவனும் சாவி கொடுக்க மாட்டான். வெள்ளையனுக்கும் கொடுக்கவில்லை. இப்போது காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்.

இனி என்னைப் பற்றி. நான் ஏழுமலை. களமருதூர் பக்கம் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் லாரி பட்டறையில் பாகம் கழுவுகிற வேலைக்குப் போனேன். பிறகு மூங்கில்துறைப்பட்டில் கரும்பு ஏற்றுகிற டிராக்டர்களோடு சில வருடம். தொழில் கற்றுக்கொண்ட கதை எல்லா மெக்கானிக்குக்கும் ஒன்றுதான். அடியும் அழுக்கும் பசியும். அதை எழுதி மலரின் பக்கத்தை நிரப்ப மாட்டேன். தொழில் எனக்கு நன்றாக வந்தது, அவ்வளவுதான். கச்சிராயபாளையம் ரோட்டில் சரோஜாக்கா பட்டறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கே டீசல் வேலை முழுக்க என் கையில்தான் இருந்தது. நான் மாட்டிய ஃபில்டரால் மலையில் நின்ற வண்டி ஒன்றை யாராவது காட்டினால் என் பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

சரோஜாக்காவை இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. கணவர் இறந்ததும் பட்டறையை விற்கச் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. வாசலில் ஒரு இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசலுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி. அவர் எழுந்து சங்கிலியைக் கழற்றினால்தான் வண்டி வெளியே போகும். ஸ்பானரைத் தொட்டதே கிடையாது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த போல்ட்டை எவன் பாதி முறுக்கிவிட்டு எழுந்தான் என்று தெரிந்து வைத்திருப்பார்.

அக்கா திட்ட மாட்டார். நீங்கள் தப்பாக ஒன்றைச் செய்தால், "போயி தண்ணி குட்ச்சிட்டு வா" என்பார். அன்பாகத்தான் சொல்வார். குடித்துவிட்டு வந்து பார்த்தால் உங்கள் வேலையை வேறொருவன் செய்துகொண்டிருப்பான். அன்று முழுக்க அந்த வண்டிப் பக்கம் நீங்கள் போக முடியாது. தண்ணீர்ப் பானை பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து மற்றவர்கள், "இன்னாபா, தாகம் ஜாஸ்தியா?" என்று கேட்பார்கள். அப்போது எங்களோடு அங்கே வேலை பார்த்த தனசேகரும் குடித்திருக்கிறார். நிறையவே குடித்திருக்கிறார்.

டீசல் ஃபில்டருக்கு அக்கா வைத்திருந்த முறை வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது. அப்போது மலை வண்டிகள் கீழேயிருந்து கேனில் டீசல் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். மேலே மழையும் பனியும் அதிகம். கேனுக்குள் வியர்த்து அடியில் தண்ணீர் தேங்கும். அது டேங்குக்கு வரும், டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும். அதனால் ஃபில்டர் மாற்றும்போது ஓட்டுநர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டீக்கடைக்குப் போகக் கூடாது. பழைய ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அக்காவின் மேஜையில் வைப்போம். கொஞ்ச நேரம் ஆட்டாமல் விட்டால் தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயுமாகப் பிரிந்து நடுவில் கோடு விழும். அக்கா ஓட்டுநரைக் கூப்பிட்டு, "இன்னா தம்பி, பாத்தியா உன் வண்டி இன்னா குட்ச்சிருக்குதுன்னு?" என்பார். எந்த ஓட்டுநரும் அதன் பிறகு கேனின் அடிமண்டி வரை கவிழ்த்து ஊற்ற மாட்டான்.

மாட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் ஃபில்டரைச் சுற்றிக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்றும்போது மேலே உள்ள மண் உள்ளே விழும். பெல்ட் ஸ்பானர் போட்டுக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் அது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஆகிவிடும். ஏர் இழுக்கும். ஏற்றத்தில் வண்டி இருமும். துடைக்க பனியன் வேஸ்ட் கூடாது, நூல் விடும். பழைய வேட்டித் துணிதான். புதிய ஃபில்டரின் மூடியை மாட்டுகிற நொடி வரை எடுக்கக் கூடாது. புது வளையத்தில் விரலால் டீசல் தடவிக் கையாலேயே முறுக்க வேண்டும். வளையம் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம். அதோடு சரி. முரட்டுத்தனமாக முறுக்கினால் வளையம் பிதுங்கிவிடும்.

முக்கியமானது இது. ஃபில்டரைக் காலியாகத்தான் மாட்ட வேண்டும். அதன் வாயைப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அது அழுக்கு டீசல் உள்ளே போகிற வழி. நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை இருக்கும். அது வடிகட்டிய டீசல் இன்ஜினுக்குப் போகிற வழி. நடு ஓட்டையில் டீசல் ஊற்றி மாட்டினால் அது வடிகட்டாமலே நேராக டீசல் பம்புக்குப் போகும். அதற்கு ஃபில்டரே வேண்டியதில்லை. சில பட்டறைகளில் ஓரத்து ஓட்டைகளில் ஊற்றுவார்கள். அது தப்பில்லை. அக்கா அதையும் விட மாட்டார். "அவசரத்துல கை நடுவுல போயிடும்" என்பார். காலியாக மாட்டிவிட்டு, மேலே உள்ள கைப்பம்பை அமுக்கி அமுக்கி டீசலை இழுக்க வேண்டும். அதை ஓட்டுநர்தான் அமுக்க வேண்டும். பம்பு முதலில் லொட லொட என்று இருக்கும். டீசல் ஏற ஏற இறுகும். எங்கே இறுகுகிறது என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டால் மலையில் தனியாக நிற்கும்போது அந்தக் கையே அவனுக்குச் சொல்லும். பிறகுதான் சங்கிலி கழலும்.

இந்த முறைக்கு ஒரு சோதனை வந்தது. வெள்ளையனால்தான் வந்தது.

அப்போது அவர் ஓட்டியது வேறொருவரின் பழைய பிக்கப். ஏற்றத்தில் போகும்போது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு, டீசல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்டால் ஓடும். மறுபடி நிற்கும். வேறு பட்டறைகளில் ஃபில்டர் மாற்றியும் நின்றது. எங்களிடம் வந்தார். நான் மாற்றினேன். மறுநாள் மறுபடி வந்து நின்றார்.

"அண்ணா, திரும்பியும் நின்னுடுச்சிங்க."

பட்டறையே என்னைப் பார்த்தது. அக்கா நாற்காலியிலிருந்து, "ஏழுமல, போயி தண்ணி குட்ச்சிட்டு வா" என்றார்.

"குடிக்க மாட்டங்க்கா. நா மாட்டினது சரியா இருக்குது" என்றேன். அக்காவிடம் அப்படிச் சொன்னவன் அதுவரை எவனும் இல்லை.

"சரியா இருந்தா வண்டி ஏன் நிக்குது?"

"தெரியாது. ஆனா ஃபில்டரால இல்ல."

அக்கா எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "அப்ப ஏறு. மலைக்கே போயி பாத்துடலாம்."

ஸ்டியரிங்கில் வெள்ளையன், நடுவில் நான், ஜன்னலோரம் அக்கா. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் தோற்றுவிட்டால் அதன் பிறகு அந்தப் பட்டறையில் டீசல் வேலையை என்னிடம் யார் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு நேராக வண்டி இழுத்து இழுத்து நின்றது. பின்னால் மலைக்குப் போகிற பஸ் வந்து சேர்ந்தது. ஹாரன் அடித்தார்கள். நாங்கள் பானட்டைத் தூக்கினோம். கண்டக்டர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, பட்டறைய நடுரோட்டுலயே தொறந்துட்டீங்களா?"

அக்கா குடைக்குள்ளிருந்து, "ஆமாங்க. உங்க பஸ்ஸயும் ஓரமா வுட்டுட்டுப் போங்க. அந்தப் பொகைய இன்னானு பாத்து அனுப்பறேன்" என்றார்.

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கைப்பம்பை அமுக்கினேன். அமுங்கிய பம்பு மேலே எழும்பவில்லை. பிடித்து வைத்த மாதிரி அப்படியே கிடந்தது. காற்று இழுத்திருந்தால் லொட லொட என்று ஆடும். இது ஆடவில்லை. டீசலை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஃபில்டர் தடுக்கவில்லை, டேங்கிலிருந்தே வரவில்லை என்று புரிந்தது. பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்கு அடியில் துணிக்கடை பாலிதீன் கவர் ஒன்றை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியில் அதற்கு வழி உண்டு. இந்தக் கவர் அந்த வழியை அடைத்துவிட்டது. ஏற்றத்தில் இன்ஜின் டீசலை அதிகம் இழுக்கும்போது டேங்க் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் டீசல் பார்க்க மூடியைத் திறந்தாரே, அப்போது காற்று போய் வண்டி மறுபடி ஓடியிருக்கிறது.

"யார் கட்டினது இத?" என்றேன்.

வெள்ளையன் தலையைச் சொறிந்தார். "நாந்தாங்க. மூடி லூசுங்க. மழத்தண்ணி டீசல்ல எறங்கிடும்னு கட்டனேன். அக்கா டம்ளருல காட்டறப்ப என் வண்டில தண்ணி வந்துடக் கூடாது இல்லிங்களா."

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வெள்ளையனைத் திட்டவும் இல்லை. கவரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "நீ தண்ணி குடிக்க வேணாம்" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. அதன் பிறகு ஃபில்டர் மாற்றுகிற ஒவ்வொரு வண்டியிலும் டேங்க் மூடியையும் திறந்து பார்ப்பது பட்டறையின் வழக்கமானது. அப்படிக் கவர் கட்டிய மலை வண்டிகள் இன்னும் சில அகப்பட்டன. வெள்ளையனுக்கு ஸ்டாண்டில் 'கவர்' என்றே பெயராகிவிட்டது. இன்றும் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

இப்போது சொல்லுங்கள். டீசலில் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் விழக் கூடாது என்று பயந்து, வண்டியையே நிறுத்திக்கொண்டு ஊர் சிரிக்க நின்றவர், தண்ணீர் கலந்து ஊற்றினாராம். தனசேகர் சொல்கிறார். நம்புகிறீர்கள்.

வயதானதும் அக்கா பட்டறையை தனசேகரிடம் விட்டுவிட்டுச் சேலத்தில் மகளோடு இருக்கப் போய்விட்டார். எனக்கு முட்டி போய்விட்டது, நானும் நின்றுகொண்டேன். தனசேகர் வேலை தெரியாதவர் இல்லை. கியர் பாக்ஸ் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவனாவேன். பட்டறைக்கு வண்டிகள் அதிகம் வருகின்றன. அவசரம் வந்துவிட்டது. வாசல் சங்கிலி போனது. டம்ளர் போனது. ஓட்டுநர்களை டீக்கடைக்கு அனுப்புகிறார்கள். இதற்கு நடுவில் வண்டிகளும் மாறிவிட்டன. பழைய வண்டி கொஞ்சம் அழுக்கைத் தாங்கும். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் ஓட்டை கண்ணுக்கே தெரியாது. ஒரு சிட்டிகை தூசி போதும்.

வெள்ளையன் வண்டிக்கு ஃபில்டர் மாற்றிய அன்று நான் அங்கே இருந்தேன். என் மொபெட்டுக்கு ஒரு கேபிள் போடப் போயிருந்தேன். வெள்ளையனின் வண்டி பானட்டைத் திறந்து நின்றது. தனசேகர் புது ஃபில்டரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு கேனைத் தூக்கி நடு ஓட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கேனுக்கு மூடி இல்லை. அது இருந்த இடம் சாணைக்கல் ஓடி இரும்புத் தூள் கொட்டுகிற மேஜைக்கு அடியில்.

"இன்னா தனசேகரு, நடுவுல ஊத்தற?" என்றேன்.

"இப்பல்லாம் இப்டித்தாண்ணே. ரொப்பி மாட்டினா ஒரே செல்ஃபுல புடிச்சிக்கும். பம்ப அமுக்கிக்கினு யாரு நிப்பா?"

"அது சுத்தமான டீசல் போற வழிபா."

"இதுவும் சுத்தமான டீசல்தாண்ணே."

"கேனுக்கு மூடி எங்க? டிரைவரு எங்க?"

"மூடி இருக்கும் எங்கனா. டிரைவரு டீக்கடைல. இங்க நின்னா நூறு கேள்வி கேக்கறாரு." பிறகு மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "அண்ணே, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. வூட்ல போயி ஃபேன் போட்டுக்கினு படுங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கேபிள் போடாமலே வந்துவிட்டேன்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்த செய்தி கேட்டதும் நேராக பம்ப் பிரிக்கிற கடைக்குப் போனேன். கீறலைப் பார்த்தேன். தண்ணீர் போயிருந்தால் துரு பிடித்திருக்கும். துரு இல்லை. இரும்புத் தூள் இழுத்த கீறல் அது. பம்பு தேய்ந்தாலும் தூள் வரும் என்று தனசேகர் சொல்வார். வரும். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பம்பை விட்டுவிட்டு ஃபில்டரைக் கேட்டு வாங்கினேன். அறுத்துப் பார்த்தால் அறுத்த தூள் என்பார்கள் என்று முதலில் அறுக்கவில்லை. கடைக்காரர் முன்னாலேயே ஃபில்டரைக் கவிழ்த்து, நடு ஓட்டை வழியாக வெள்ளைத் துணியில் வடித்தேன். துணியில் கறுப்பாகத் தூள் நின்றது. காந்தத்தை வைத்ததும் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. பம்பிலிருந்து வருகிற டீசல் அந்தப் பக்கம் திரும்பி வராது. டேங்கிலிருந்து வருவது ஃபில்டருக்குள் இருக்கிற வடிகட்டும் தாளைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். வடித்து முடித்த பிறகு அறுத்துப் பார்த்தோம், தாளும் கிழியவில்லை. வடிகட்டிய பக்கத்தில் அந்தத் தூள் நுழைய ஒரே வழிதான் இருக்கிறது. மாட்டுவதற்கு முன்னால் அதை யாரோ உள்ளே ஊற்றியிருக்க வேண்டும்.

துணியை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. "பெரியவரே, உங்களுக்கும் தனசேகருக்கும் இன்னா சண்டையோ. என்னை வுட்ருங்க" என்றார். தனசேகரிடம் போனேன். "அப்புறம் பேசலாம்ணே, கஸ்டமர் நிக்கறாங்க" என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

மார்க்கெட்டில் வெள்ளையனைப் பார்த்தேன். தோளில் முட்டைக்கோஸ் மூட்டை. இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"வுடுங்கண்ணா. மலக்காரன் சொன்னா எவன் கேக்கறான்? ஏமாத்தத் தெரியாதவன்னு பேரு, ஆனா எது காணாப் போனாலும் எங்க மேலதான் வுழும். மூட்ட தூக்கறதுல ஒண்ணும் கொறச்சல் இல்லிங்க. ஊட்லதான், புள்ள கேக்குது, டீசல் திருடுனியாப்பானு. அதுக்கு இன்னா சொல்றது?"

அதற்குப் பதில் தெரிந்த ஆள் கச்சிராயபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார்.

தனசேகர், இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். எனக்கு உங்கள் பட்டறையில் எந்த வேலையும் வேண்டாம். உங்கள் தொழில் படுத்துவிட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. வெள்ளையன் டீசலில் எதையாவது கலந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்தவர் யாராவது உங்களிடம் சொன்னாரா? அவர் டேங்கிலிருந்து ஒரு டம்ளர் டீசலாவது எடுத்துப் பார்த்தீர்களா? எதுவும் இல்லாமல் எப்படிச் சொன்னீர்கள்? நடு ஓட்டையில் ஊற்றியது யார்?

எனக்கு போன் செய்து சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து, "அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க" என்றும் சொல்ல வேண்டாம். அவர் மேல் பழி சொன்ன இடம் பிக்கப் ஸ்டாண்டு. அன்று கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் இன்றும் அங்கேதான் நிற்கிறார்கள். முதலாளியும் அங்கேதான் வருகிறார். வெள்ளையனையும் அவர் பிள்ளையையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்த நாள் என்று சங்கத்தில் சொல்லுங்கள். வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.